நாயக்கரின் வாசற்படி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சற்று முன்னர் இம்மேடையில் சிறுவர்களுக்கான மாறுவேடப் போட்டி நடந்தது. முண்டாசும் முறுக்கு மீசையுமாகப் பாரதியார் வந்தார். கோலூன்றி ஔவையார் வந்தார். இருவரையும் கைதட்டி வரவேற்றோம். அவர்களுக்குப் பின் ஒரு சிறுவன் வந்தான். வெள்ளை வேட்டி; வெள்ளைச் சட்டை; படிய வாரிய தலை; நெற்றியிலே பொட்டு. ஒரு வார்த்தையும் பேசாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேடையின் இப்புறமிருந்து அப்புறம் மெல்ல நடந்தான். அவ்வளவுதான். "நாயக்கர்! நாயக்கர்!" என்று அவை ஆர்ப்பரித்தது. பாரதியாருக்கு எழுந்த கையொலியினும் நாயக்கருக்கு எழுந்த கையொலி பெரிது என்பதை இங்கிருப்போர் எவரும் மறுக்கமாட்டார்கள். நாமுந்தான் கைதட்டினோம்.

அந்தச் சிறுவனுக்கு வயது எட்டோ ஒன்பதோ இருக்கலாம். 'நாயகன்' திரைப்படம் வெளிவந்ததோ 1987ஆம் ஆண்டுத் தீபாவளியன்று. அவன் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னர் வந்த படம் அது. அதில் வரும் வேலு நாயக்கர் அரசர் அல்லர், புலவர் அல்லர், விடுதலைப் போராட்ட வீரரும் அல்லர். அவர் ஒரு கடத்தல்காரர். கொலையும் செய்தவர். மும்பை வழக்கிற் சொன்னால் ஒரு தாதா. அத்தகைய ஒருவர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக நம் வீடுகளில் விருந்தினரைப் போல வந்து போய்க்கொண்டிருக்கிறார். இஃது ஏன்? சங்க மேடையில் வள்ளுவரையும் இளங்கோவையும் பற்றிப் பேசுவதே முறை எனச் சிலர் கருதலாம். இளங்கோவிடம் நாம் வந்து சேரத்தான் போகிறோம். ஆனால் நாயக்கரின் வழியாக வருவோம். சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

முதலில் படத்தைப் பற்றிச் சில செய்திகள். இதனை இயக்கியவர் மணிரத்னம். உரையாடல் பாலகுமாரனுடையது, இசை இளையராஜாவுடையது. இளைஞனாகத் தோன்றி முதியவராக மறையும் நாயக்கர் வேடத்தை ஏற்ற கமல்ஹாசனுக்குப் படம் வெளிவந்தபோது 33 வயதுகூட நிறையவில்லை. சிறந்த நடிகர் விருது அவருக்கும், ஒளிப்பதிவுக்கான விருது பி.சி. ஸ்ரீராமுக்கும், கலை இயக்கத்துக்கான விருது தோட்டா தரணிக்கும் என மூன்று தேசிய விருதுகள் இப்படத்துக்குக் கிடைத்தன. அவ்வாண்டில் ஆஸ்கார் போட்டிக்கு இந்தியா அனுப்பிய படமும் இதுவே. 1988இல் 'தயாவான்' என்ற பெயரில் இந்தியிலும் எடுக்கப்பட்டது. 2005இல் அமெரிக்காவின் 'டைம்' இதழ் வெளியிட்ட சிறந்த நூறு படங்களின் பட்டியலிலும் இடம் பெற்றது. தாராவியின் சந்துகள் என எண்ணி நாம் நெகிழ்ந்தவற்றுள் பெரும்பகுதி, சென்னையில் தோட்டா தரணி எழுப்பிய அரங்கு என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

கதையை நீங்கள் அறிவீர்கள்; எனினும் ஒரு முறை நினைவூட்டுவோம். தொழிலாளர் தலைவர் ஒருவரின் மகன் வேலு. தந்தை மறைந்திருக்கும் இடத்தை அறியப் போலீசார் அச்சிறுவனையே தூண்டிலாக்கினர். அவன் கண்ணெதிரே தந்தையைச் சுட்டுக் கொன்றனர். சுட்டவனைக் குத்திவிட்டுச் சிறுவன் பம்பாய்க்கு ஓடிவந்தான். தாராவியில் உசேன் பாய் என்னும் பெரியவர் அவனை மகனாக வளர்த்தார். அவரும் போலீசுக் காவலிலே கொல்லப்பட்டார். கொன்ற இன்ஸ்பெக்டரை வேலு கொன்றான். பட்டப்பகலில் நடந்த அக்கொலைக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. அன்று முதல் அவன் 'வேலு' அல்லன், 'நாயக்கர்' ஆனான். துன்பப்பட்டவரெல்லாம் அவர் வாசலுக்கு வந்தனர்.

இப்பாத்திரத்தின் கவர்ச்சிக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. நடிப்பும் இசையும் சிறந்தவை என்பது ஒன்று. ஆனால் சிறந்த நடிப்பும் இசையும் கொண்ட படங்கள் எத்தனையோ வந்து சென்றன. அவற்றின் நாயகர்களை எந்தச் சிறுவனும் மேடையில் சுமந்து வருவதில்லை. வீரத்தை மக்கள் விரும்புவர் என்பது இரண்டாவது. அப்படியாயின் எல்லையில் நின்ற படைவீரனைப் பற்றிய படங்களுக்கும் இத்துணை நீண்ட ஆயுள் இருந்திருக்க வேண்டும். தமிழன் ஒருவன் மும்பையையே ஆண்டான் என்ற பெருமிதம் என்பது மூன்றாவது. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இந்நகரில் நீதிபதிகளாகவும் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் உயர்ந்த தமிழர் பலர். அவர்கள் வேடத்தைப் புனைந்து எவரும் வருவதில்லையே! ஆகவே காரணம் வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடிச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

சட்டத்தை மீறியவனைப் போற்றுவது தமிழருக்குப் புதிதன்று. மதுரை வீரனைப் பாருங்கள். மன்னன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டவன் எனக் கதை சொல்லுகிறது. இன்று எத்தனை ஊர்களின் எல்லையில் அவன் தெய்வமாக நிற்கிறான்! காத்தவராயன் கழுவேற்றப்பட்டவன்; அவனுக்கும் படையல் உண்டு. நெல்லைச் சீமையில் செல்வரைக் கொள்ளையிட்டு ஏழைகளுக்குக் கொடுத்தவன் என மக்கள் பாடிய செம்புலிங்கம், 1923இல் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டவன். அரசன் தண்டித்தவனை மக்கள் தெய்வமாக்கினர். அரசாங்கம் சுட்டவனை மக்கள் பாட்டாக்கினர். கொள்ளையையும் கொலையையும் நம் மக்கள் புகழ்ந்தார்கள் என்பதா இதன் பொருள்? அன்று. தண்டித்த கையில் நீதி இல்லை என்று ஏழைகள் கருதினார்கள் என்பதே பொருள். அந்நெல்லைச் சீமையிலிருந்து புறப்பட்டுத் தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த குடும்பங்கள் பல. துணி மூட்டையோடு இத்தகைய கதைகளும் அவர்களோடு ரயிலேறி வந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

இனிக் கடல் கடந்து பார்ப்போம். அமெரிக்க நாட்டில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. சட்டம் கடையை மூடியது. குடிப்பவரின் நாவை மூட அதனால் இயலவில்லை. கள்ளச் சரக்கு விற்றவர்கள் பெருஞ்செல்வர் ஆனார்கள். அவர்களைப் பற்றி 'லிட்டில் சீசர்', 'பப்ளிக் எனிமி' ஆகிய படங்கள் 1931இலும், 'ஸ்கார்ஃபேஸ்' 1932இலும் வெளிவந்தன. மக்கள் திரண்டு சென்று பார்த்தார்கள். குற்றவாளியின்பால் இரக்கம் உண்டாகும்படி படம் எடுக்கலாகாது என்ற தணிக்கை விதி 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அக்கவர்ச்சி ஒழியவில்லை. 1948இல் ராபர்ட் வார்ஷோ என்னும் திறனாய்வாளர் இதனை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பெருநகரத்தில் முன்னேற வேண்டும் என்று நாம் ஒவ்வொருவரும் துடிக்கிறோம். முன்னேறினால் தனிமைப்பட்டு விழுவோமோ என்று உள்ளூர அஞ்சவும் செய்கிறோம். நம் ஆசை, அச்சம் ஆகிய இரண்டையும் அந்தக் குற்றவாளியே திரையில் நமக்காக அனுபவித்துவிடுகிறான் என்பது அவர் கண்ட உண்மை.

பின்னர் 1969இல் மாரியோ பூசோ 'காட்ஃபாதர்' நாவலை எழுதினார். 1972இல் கொப்போலா அதனைப் படமாக்கினார். 'நாயகன்' படத்துக்கு அப்படம் முன்னோடி என்பது யாவரும் அறிந்ததே. அது எப்படித் தொடங்குகிறது? துப்பாக்கி ஒலியோடு தொடங்கவில்லை. ஒரு முறையீட்டோடு தொடங்குகிறது. இத்தாலியிலிருந்து குடியேறிய ஓர் எளிய தொழிலாளி. பிணங்களை அடக்கத்துக்கு ஒப்பனை செய்து தருபவர். அவர் மகளை இரு இளைஞர்கள் அடித்து முகத்தைச் சிதைத்துவிட்டனர். அவர் நல்ல குடிமகனாக நீதிமன்றத்தை நாடினார். நீதிபதி குற்றவாளிகளுக்குத் தண்டனை விதித்து, அத்தண்டனையை நிறுத்தியும் வைத்துவிட்டார். அவர்கள் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினர். அதன் பின்னரே அவர் வீட்டோ கார்லியோனேயின் வாசலுக்கு வருகிறார். தம் ஊர்க்காரர், தம் மொழி அறிந்தவர், தம் துன்பத்தைக் கேட்பவர் அவர் ஒருவரே என்று நம்பி வருகிறார்.

பெரியோர்களே! இங்கேதான் நாம் தேடிய காரணம் இருக்கிறது. நாயக்கரின் ஆற்றல் அவர் இடுப்பிலிருந்த ஆயுதத்தில் இல்லை. அவர் வீட்டு வாசற்படியில் இருக்கிறது. பிழைப்புக்காக வந்த ஊரில், மொழி புரியாத காவல் நிலையத்தில், எழுத்தறியாத கையால் நீட்டிய விண்ணப்பம் திருப்பி எறியப்பட்ட பின், தமிழில் பேசினால் காதுகொடுத்துக் கேட்கும் வாசல் ஒன்று உண்டு என்னும் நினைவு எவ்வளவு இனிமையானது! திரையில் நாம் கண்டு உருகியது அந்த இனிமையையே. குடிசைகளை இடிக்க முற்பட்ட செல்வந்தரின் மாளிகையில் நாயக்கரும் அவர் ஆட்களும் புகுந்து உடைத்துத் தள்ளும் காட்சியில் கொட்டகையே அதிர்ந்தது. அங்கே மக்கள் கைதட்டியது கண்ணாடி உடைந்ததற்காக அன்று. ஒரு முறையேனும் தங்கள் குரல் கேட்கப்பட்டதற்காக.

இந்நகரின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1949இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அது 1990இல் நீக்கப்பட்டது. இவ்விரண்டின் நிழலிலும் கள்ளச்சாராயமும் கடத்தலும் வளர்ந்தன. குடிசைப் பகுதிகளிலோ குடிநீரும் இல்லை, பட்டாவும் இல்லை. 1966இல் தோன்றிய சிவசேனை தொடக்க ஆண்டுகளில் தென்னிந்தியருக்கு எதிராக இயக்கம் நடத்தியது. நம் முன்னோர் அஞ்சி வாழ்ந்த காலமும் உண்டு. அத்தகைய நாளில்தான் தூத்துக்குடியிலிருந்து வந்து விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தில் மூட்டை சுமந்த வரதராஜ முதலியார், கள்ளச்சாராயத்தாலும் கடத்தலாலும் வளர்ந்து, 'வரதா பாய்' என்று பெயர் பெற்றார். மாதுங்காவில் அவர் அமைத்த விநாயகர் சதுர்த்திப் பந்தல் நகரெங்கும் பேசப்பட்டது. எளியோர் பலர் அவரிடம் முறையிட்டனர், தீர்ப்பும் பெற்றனர். போலீசாரின் நடவடிக்கை கடுமையானபோது சென்னைக்குச் சென்றார். 1988இன் தொடக்கத்தில், படம் வெளிவந்த சில மாதங்களுக்குள், அங்கேயே இறந்தார். அவர் வாழ்க்கையே 'நாயகன்' கதைக்கு வித்து.

இதுவரை நாயக்கரின்பால் நமக்குள்ள அன்புக்குக் காரணம் சொன்னோம். இனி, அந்த அன்பிடம் ஒரு கணக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாம் மேடையேறிய பயன் இல்லை.

திரைப்படம் ஒரு சன்னலைப் போன்றது. சன்னல் காட்டுவதைப் பார்க்கிறோம்; சுவர் மறைப்பதை மறந்துவிடுகிறோம். நாயக்கரின் வாசலில் நின்று நன்றியோடு கைகூப்பிய முகங்களைப் படம் அருகிற் காட்டியது. அவருடைய வருவாய் யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்பதை அதே அளவு அருகிற் காட்டவில்லை. கதைக்கு வித்தான வாழ்க்கையில் கள்ளச்சாராயம் முக்கியமான தொழில். கள்ளச்சாராயம் யாரைக் கொல்லும்? மாளிகைவாசியையா? 2015 ஜூன் மாதத்தில் இந்நகரின் மலாட் பகுதியில் உள்ள மால்வணியில் நச்சுச் சாராயம் குடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூன் மாதத்தில் நம் தாயகத்தில், கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில், அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டிடத்தும் மாண்டோர் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். நாயக்கரின் வாசலுக்கு வந்து நின்றவர்கள் யாரோ, அவர்களே இந்தச் சாராயத்துக்கும் இரையானவர்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் அவர்கள் வீட்டிலிருந்தே எடுத்தது அத்தொழில்.

கடத்தலின் கணக்கு இன்னும் கொடியது. தங்கமும் கைக்கடிகாரமும் துணியும் வந்தால் அரசாங்கத்துக்குத்தானே நட்டம், ஏழைக்கு என்ன என்று அக்காலத்தில் வாதிட்டோர் உண்டு. நம் வீட்டுத் திண்ணைகளிலும் அவ்வாதம் கேட்டதுண்டு. ஆனால் படகுக்குத் தான் சுமப்பது இன்னதென்று தெரியாது. 1993இன் தொடக்கத்தில் இதே கொங்கணக் கரையில், ராய்கட் மாவட்டத்தின் திகி, ஷேகாடி ஆகிய இடங்களில், கடத்தல்காரர் பழகிய வழியிலேயே வெடிமருந்து வந்து இறங்கியது. கைக்கூலி பெற்றுக் கண்மூடிப் பழகிய சுங்க அதிகாரிகள் சிலரும் போலீசார் சிலரும் அன்றும் கண்மூடினர். பின்னர் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டனர். மார்ச் 12ஆம் நாள் நகரில் பன்னிரண்டு இடங்களில் குண்டுகள் வெடித்தன. 257 பேர் மாண்டனர். வேலைக்குச் சென்றவர் மாலையில் வீடு திரும்புவாரா என்று வாசலில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனை! அந்நாளை அறிந்தவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். 1987இல் எடுத்த படம் 1993ஐ அறிந்திருக்க இயலாது. அதற்காக அதைக் குறை கூறவில்லை. ஆனால் இன்று படத்தைப் பார்க்கும் நாம் அறிவோம். அறிந்த பின்னும் அறியாதவர் போலக் கைதட்டுதல் தகுமா?

படத்தை இயக்கியவர் இதனை முற்றும் மறைத்துவிட்டார் என்று சொல்வதும் நேர்மையாகாது. கூர்ந்து பாருங்கள். ஊருக்கெல்லாம் வாசலைத் திறந்து வைத்த நாயக்கரின் சொந்த வீடு என்ன ஆயிற்று? மனைவி பகைவரால் கொல்லப்பட்டாள். மகன் தந்தையின் தொழிலிலே இறங்கி மாண்டான். மகளோ, நீர் யார் பிறரைத் தண்டிக்க என்று தந்தையை எதிர்த்துக் கேட்டு வீட்டைவிட்டு வெளியேறினாள். ஒரு போலீசு அதிகாரியை மணந்தாள். இன்ஸ்பெக்டரைக் கொன்ற அன்று நாயக்கருக்கு ஊர் கிடைத்தது. ஆனால் அந்த இன்ஸ்பெக்டருக்கும் ஒரு சிறுவன் இருந்தான். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளை. நாயக்கர் அக்குடும்பத்துக்கு உதவினார். எனினும் தந்தையைக் கொன்றவர் யார் என்று அறிந்த நாளில் அந்தப் பிள்ளையின் குண்டே நாயக்கரைச் சாய்த்தது. போதிய சாட்சியம் இல்லை என்று நீதிமன்றம் விடுதலை செய்தது. வாசலில் காத்திருந்த பழைய கணக்கு விடுதலை செய்யவில்லை.

இறுதியில் பேரன், தாத்தாவைப் பார்த்து, அவர் நல்லவரா, கெட்டவரா என்று கேட்கிறான். தெரியவில்லை என்பதே நாயக்கரின் விடை. நம்மில் பலர் அக்கேள்வியை விளையாட்டாகச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் கேட்டவன் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் மகளின் மகன். அவர் கொடையால் வாழாதவன். அவரிடம் நன்றிக்கடன் இல்லாதவன். கடன்பட்டவர் எவரும் அக்கேள்வியைக் கேட்கவில்லை; கேட்கவும் இயலாது. அதுவே அந்த வாசலின் குறை. நாயக்கரிடம் உதவி பெறலாம். ஆனால் அவரிடம் கணக்குக் கேட்க முடியாது. அவர் தீர்ப்புத் தவறானால் மேல்முறையீடு கிடையாது.

இப்பொழுது இளங்கோவடிகளிடம் வருவோம். பிழைப்புத் தேடி அயலூர் சென்ற தமிழ்க் குடும்பத்தின் கதையை நமக்கு முதலிற் பெருங்காப்பியமாகச் சொன்னவர் அவரே. கோவலனும் கண்ணகியும் புகாரைவிட்டு மதுரைக்கு வந்தது எதற்காக? இழந்த வாழ்வை ஒரு சிலம்பைக் கொண்டு மீண்டும் தொடங்குவதற்காக. அவ்வூரில் அவர்களுக்கு உற்றார் இல்லை. பொற்கொல்லன் ஒருவன் பொய் சொன்னான், மன்னன் விசாரியாமல் ஆணையிட்டான், கோவலன் வெட்டுண்டான். இவ்விடத்தில் நாயக்கர் ஒருவர் மதுரையில் இருந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? அன்றிரவே பொற்கொல்லன் மாண்டிருப்பான். மறுநாள் ஊர் நாயக்கரைப் புகழ்ந்திருக்கும். ஆனால் கோவலன் கள்வன் என்ற பழி மட்டும் என்றென்றும் நின்றிருக்கும்.

கண்ணகி என்ன செய்தாள்? அரசனின் வாயிலுக்கே சென்றாள். வாயிற்காவலன் உள்ளே அறிவித்தான். அயலூர்ப் பெண்ணுக்கு அவை திறந்தது. அவள் கையிலிருந்தது ஆயுதம் அன்று, சான்று. அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டினாள். மன்னன் தன் பிழையை அவையறிய ஒப்பி உயிர் துறந்தான். கோவலன் பெயரில் இருந்த களங்கம் நீங்கியது. அதன் பின் அவள் சினம் நகரை எரித்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. அச்சினத்திலும் அவள் அந்தணரையும் அறவோரையும் பசுக்களையும் பத்தினிப் பெண்டிரையும் முதியோரையும் குழந்தைகளையும் தீண்டாதிருக்கத் தீயை ஏவினாள். அவள் கேட்டது பழி மட்டும் அன்று; உண்மை வெளிப்பட வேண்டும் என்பதை முதலிற் கேட்டாள். நாயக்கரால் தர இயலாதது அந்த ஒன்றுதான். நீதி வழங்க வேண்டிய வாசல் காலத்தில் திறக்காவிடின் ஊர் எரியும் என்பதும் அக்காப்பியம் தரும் எச்சரிக்கை.

ஆகவே நம் முன் உள்ள கேள்வி, பிள்ளைகள் 'நாயகன்' பார்க்கலாமா என்பதன்று. தாராளமாகப் பார்க்கட்டும், அது நல்ல கலைப்படைப்பு. அவர்களோடு நாமும் உட்கார்ந்து பார்ப்போம். படம் முடிந்ததும், இப்படத்தில் முகம் காட்டப்படாதவர்கள் யார் என்று ஒரு கேள்வி கேட்போம். 1995இல் 'பாட்ஷா' வந்தது. அங்கும் மும்பை, அங்கும் தாதா. 2018இல் 'காலா' வந்தது. அங்கு தாராவித் தமிழர் தலைவர் தம் மக்களுக்கு நிலத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் பேசுகிறார். தலைமுறைதோறும் இந்த நாயகன் வடிவம் மாறி வந்துகொண்டே இருக்கிறான். வருவதை நிறுத்த நம்மால் ஆகாது. அவன் தேவைப்படாத நிலையை உண்டாக்குவதற்கு மட்டுமே நாம் முயலலாம்.

அதற்கு வழி உண்டா? உண்டு. படம் வெளிவந்த அதே 1987ஆம் ஆண்டில், நாடாளுமன்றம் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் என்ற ஒன்றை நிறைவேற்றியது. 1995 நவம்பர் 9ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவாயினும், கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைக்க அச்சட்டம் வழி செய்கிறது. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் உதவி கேட்கலாம். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வந்தது. அதிகாரியின் மேசையில் உறங்கும் விண்ணப்பத்தைப் பற்றிப் பத்து ரூபாயில் கேள்வி கேட்கலாம். 1987இன் படத்தை நம் வீட்டில் அறியாதார் இல்லை. 1987இன் சட்டத்தை அறிந்தார் எத்தனை பேர்? இந்த அவையில் கையுயர்த்தச் சொன்னால் நமக்கே வெட்கமாக இருக்கும். உரையாற்ற முற்பட்டபின் தேடிப் படித்தே நாமும் அதனை அறிந்தோம்.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அதன் வாசல் வரை அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். அவ்விடத்தில்தான் சங்கத்தின் கடமை தொடங்குகிறது. நம் முன்னோர் அதனை உணர்ந்திருந்தனர். 1932இல் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விக் கழகத்தை நிறுவியவர்கள் பிள்ளைகளுக்குக் கல்வி வாசலைத் திறந்தார்கள். கத்தி எடுக்கவில்லை, கணக்குப் புத்தகம் எடுத்தார்கள். அவர்களைப் பற்றித் திரைப்படம் வரவில்லை. ஆனால் அவர்கள் திறந்த வாசலில் நுழைந்து வெளிவந்தவர்களால் எத்தனை குடும்பங்கள் தழைத்தன!

நாம் செய்யக்கூடியது சிறிதுதான். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் சங்கத்தின் கதவைத் திறந்து வைப்போம். மராத்தி அறிந்த இளைஞர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், மருத்துவமனை நடைமுறை தெரிந்த தாய் ஒருவர் அங்கு இருக்கட்டும். ஊரிலிருந்து புதிதாக வந்த கட்டடத் தொழிலாளி, கூலி பாக்கி பெறாத வீட்டுப் பணிப்பெண், குடும்ப அட்டைக்கு அலையும் முதியவர் யாராயினும் வரட்டும், தமிழில் சொல்லட்டும், நாம் கேட்போம். அவர்கள் சங்கத்தின் உறுப்பினரா என்று கேட்கவேண்டாம்; எந்தத் தெரு, எந்தச் சாதி என்று கேட்கவே வேண்டாம். நம் நகைச்சுவை நாடகங்களுக்கும் இன்னிசைக் கச்சேரிகளுக்கும் நாற்காலி போடுகிறோம். இவர்களுக்கும் இரண்டு நாற்காலி போடுவோம். ஆண்டுதோறும் அதன் கணக்கை இதே மேடையில் படிப்போம். தவறு நேர்ந்தால் எழுந்து கேட்கும் உரிமை யாவர்க்கும் இருக்கட்டும்.

நாயக்கராக வந்த அந்தச் சிறுவனைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று அவன் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். அவனுக்குப் பரிசு கிடைத்தால் மகிழ்வோம். துன்பப்பட்டவரின் சொல்லைக் கேட்ட ஒருவரைப் போல நடந்து காட்டவே அவன் விரும்பினான், அவ்விருப்பம் நல்லது. அவன் வளர்ந்து பெரியவனாகும்போது அவ்விருப்பத்தை நிறைவேற்ற அவனுக்கு வேறொரு வாசல் இருக்கவேண்டும். அதனைத் திறந்து வைப்பது நம் பொறுப்பு. நாயக்கரின் வாசலில் கூட்டம் குறைய வேண்டுமானால் சங்கத்தின் வாசலில் கூட்டம் பெருக வேண்டும்.

 வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!